ஆவுடையப்பன் நிற்கும் இடம்

ஆவுடையப்பனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், வேலப்பநேரி ரேஷன் கடைக்கு முன்னால், அவர் மனைவி உலகம்மாள் தன் ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகத் தனியாக ஒரு வரிசையில் போய் நின்றாள். நிற்கத் தெரியாமல்தான் நின்றாள். பையை எந்தக் கையில் பிடிப்பது, முன்னால் இருப்பவளுக்கும் தனக்கும் நடுவில் எவ்வளவு தள்ளி நிற்பது, வெயில் நகர்ந்தால் தானும் நகரலாமா கூடாதா என்று ஒன்றும் விளங்காமல், கல்யாண வீட்டுக்குள் வழி தப்பி வந்துவிட்ட ஆள் மாதிரி விழித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் நின்ற பீடிக்காரி ஒருத்தி, "யக்கா, முன்னால தள்ளி நில்லுங்க, இடம் கெடக்குல்லா" என்றாள்.

உலகம்மாள் முன்னால் பார்த்தாள். இடம் கிடக்கத்தான் செய்தது. ஒரு ஆள் அளவுக்கு இடம். ஆனால் அந்த இடத்திலிருந்து திருநீறும் தறி எண்ணெயும் கலந்த ஒரு வாசம் வந்தது. முப்பத்தெட்டு வருஷமாகத் தன் வீட்டுக் கொடியில் தொங்கிய சட்டையின் வாசம் அது.

"அங்க ஆளு நிக்காவ" என்றாள்.

பீடிக்காரி எட்டிப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள். "ஆமா, அண்ணாச்சில்லா நிக்காவ" என்று சொல்லிவிட்டு, பையைக் கை மாற்றிக்கொண்டு, எண்ணெய் வந்திருக்கிறதா இல்லையா என்ற விசாரணையில் இறங்கிவிட்டாள். வரிசை ஓர் அடி நகர்ந்தது. அந்த இடமும் ஓர் அடி நகர்ந்தது.

உலகம்மாள் அதுவரை தனியாக வரிசையில் நின்றதில்லை என்பதற்குக் காரணம், ஊரில் இருக்கிற எல்லா வரிசையிலும் அவள் புருஷன் நின்றதுதான். ஆவுடையப்பன் இரவு ஷிப்டில் தறி ஓட்டுவார். காலையில் வந்து குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாரென்றால் அன்றைக்கு யாருக்கு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்பார். இடுப்பொடிந்து கிடந்தவளுக்கு ரேஷன் கடையில் நிற்பார், கைப்பிள்ளைக்காரிக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு எடுக்க நிற்பார், கண் தெரியாத வாத்தியாருக்குக் கரண்ட் ஆபீசில் நிற்பார், நோன்பு மாதத்தில் மீராசா ராவுத்தருக்கு மூட்டு வலி என்றால் தூக்குவாளியோடு பள்ளிவாசல் கஞ்சி வரிசையில் நிற்பார், சர்ச்சில் அசன விருந்து என்றால் வர முடியாத கிழவர்களுக்காக இலையும் கையுமாக அங்கேயும் நிற்பார். நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தார். இதற்கென்று யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. பீடிக் கம்பெனியில் உலகம்மாள் சுற்றிய பீடியைக் கொடுக்கவும் அவரேதான் நிற்பார், மகள் வடிவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் அவரேதான் நின்றார். உனக்கு எதுக்குக் கால் கடுக்கணும் என்பார்.

சண்முகநாதர் கோவிலில் மட்டும் அவர் தனக்காக நின்றார். மாதக் கார்த்திகை தவறாமல் தர்ம தரிசன வரிசையில் நின்றார். நின்றாரே தவிர சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்தது வருஷத்துக்கு மூன்று நாலு தடவைதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வருவாள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஒருவர் வருவார், ஒவ்வொருவருக்கும் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு இவர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். நடை சாத்திவிடுவார்கள். உலகம்மாள் ஏசினால், "சாமி எங்க போயிரும்? அவரும் நம்மள மாதிரி நின்னுக்கிட்டுத்தான இருக்காரு" என்பார்.

அவர்கள் கல்யாணம் நடந்ததே அந்தக் கோவிலில்தான். தாலி கட்டி முடித்து, மாலையும் கழுத்துமாகச் சாமி கும்பிட ஜோடியாக நின்ற வரிசையில், முன்னால் ஒரு கிழவர் மயங்கி விழ, மாப்பிள்ளை மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். உலகம்மாள் மாமியாரோடு போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். "ஒரு நாளைக்கு நாம ரெண்டு பேரும் ஜோடியா நின்னு கும்பிட்டுருவோம்" என்று அன்று சாயங்காலம் சொன்னார். முப்பத்தெட்டு வருஷமும் அதையே சொன்னார்.

தை மாதத்தில் ஒரு காலை, இட்லியைத் தொடாமல் குடையை எடுத்தார். "ஊருக்கெல்லாம் நிக்கேளே, எங்கூட ஒரு நாளு நின்னியளா?" என்று உலகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தினமும் வாசலில் வந்து சொல்லும் "போயிட்டு வாங்க"வை அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் யாருக்கோ எடுத்த சீட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, அப்படியே போய்விட்டார். அவர் உட்கார்ந்து பார்த்ததே அன்றைக்குத்தான் என்று பிறகு நர்சம்மா சொன்னாள்.

இப்போது ரேஷன் கடையில் அந்த வெற்றிடம் கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தது. அரிசி போடும் எஸ்தர் டீச்சர் (அவள் டீச்சர் இல்லை, அதட்டுவதால் அந்தப் பெயர்) நிமிர்ந்து பார்த்தாள், யாரும் இல்லை, மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள், கைரேகை மெஷினை முன்னால் தள்ளி வைத்தாள். ரேகை வைக்காமலே மெஷின் கிர்ரென்று ஒரு சீட்டைத் துப்பியது. மேலத்தெரு செல்லக்கனி, அரிசி, பருப்பு, சீனி. செல்லக்கனி இடுப்பொடிந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடப்பவள். பீடி சுற்றிச் சுற்றி விரலில் ரேகையே தேய்ந்துபோனவள். வேறு நாளாயிருந்தால் இந்த மெஷின் அவளை மனுஷியாகவே சேர்த்திருக்காது.

எஸ்தர் அளந்து போட்டாள். "யாரு தூக்கிட்டுப் போறது?" என்று அதட்டினாள்.

இடத்துக்குப் பின்னால் நின்றது உலகம்மாள்தான். அவள் தூக்கிக்கொண்டு போனாள்.

செல்லக்கனி படுத்தபடியே பையைத் தடவிப் பார்த்தாள். "அவிய அனுப்பினாவளா?"

"ஆமா."

"சீனியத் தனியாப் பொட்டலம் கட்டித்தான் கொண்டாருவாவ. நீ பருப்புக்கூடப் போட்டுக் கொண்டாந்துட்டியே" என்று குறைப்பட்டுக்கொண்டாள். உலகம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அங்கேயே வைத்து முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பசியாகச் சாப்பிட்டாள். பதினேழு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது.

அந்த வாரத்துக்குள் வேலப்பநேரியில் எல்லா வரிசையிலும் அந்த இடம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வந்தது, போஸ்டாபீசில் வந்தது, கரண்ட் ஆபீசில் வந்தது, குழாயடியில் குடங்களுக்கு நடுவில் ஒரு குடம் அளவுக்கு வந்தது. ஊர் அதைத் தன் சௌகரியத்துக்குப் பழக்கப்படுத்திக்கொண்டது. இடத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்களோ அவர்கள்தான் வருகிற சாமானையோ சீட்டையோ மருந்தையோ உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்று ஒரு முறை தானாக உண்டானது, அப்புறம் அந்தப் பின்னிடத்துக்கே போட்டி வந்தது. தையல்காரர் டேப்பை நீட்டி அளந்து, குடையையும் சேர்த்து இரண்டடி என்று அறிவித்தார். ஆடு மாடுகள் அதற்குள் புகுந்து போகலாம், மனிதர்கள் நிற்கக் கூடாது என்று ஆயிற்று. வெளியூரிலிருந்து வந்த ஒரு மருந்து கம்பெனிக்காரர் விவரம் தெரியாமல் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டிக்கெட் வரிசையில் அதற்குள் போய் நின்றுவிட்டார். நின்ற மாத்திரத்தில் அவருக்குள் என்னமோ இளகி, பின்னால் வந்த மூன்று பேருக்கு வழி விட்டு, நாலாவதாக ஒரு கர்ப்பிணிக்கும் வழி விட்டு, மதுரை பஸ்ஸைக் கோட்டைவிட்டு, அதன் பிறகு மாதம் ஒரு தடவையாவது வேலையில்லாமலே வேலப்பநேரிக்கு வந்து போனார்.

ராவுத்தர், நோன்பு வந்ததும் கஞ்சி வரிசையில் இடத்தைப் பார்த்துச் சலாம் சொல்லிவிட்டுப் போனார். பாதிரியார் அதைப் பற்றிப் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை, அசனப் பந்தியில் ஓர் இலை கூடப் போடச் சொன்னார், அவ்வளவுதான். உலகம்மாளோ காலையில் எழுந்ததும் இன்றைக்கு எங்கே வரிசை என்று விசாரிக்கிறவளாக மாறிப்போனாள். வாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் போய் இடத்துக்குப் பின்னால் நின்றாள். அந்த வாசத்தை எதிரில் வைத்துக்கொண்டு வீட்டு விஷயமெல்லாம் பேசினாள். வடிவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதைச் சொன்னாள், முருங்கை காய்த்ததைச் சொன்னாள். அவர் உயிரோடு இருந்த காலத்தில்கூட இவ்வளவு பேசியதில்லை. ஆனாலும் ஒரு குறை இருந்தது. அவர் அவளுக்கு முன்னால் நின்றாரே தவிர, ஒரு நாளும் பக்கத்தில் நிற்கவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை ஊர் தன் அன்பாலேயே கெடுத்தது.

சண்முகநாதர் கோவிலில் பங்குனி உத்திரத்தன்று பரிவட்டம் கட்டி, முதல் மாலை போட்டு, ஒருவருக்கு முதல் மரியாதை செய்வார்கள். அந்த முதல் இடம் யாருக்கு என்று இரண்டு குடும்பங்கள் இருபது வருஷமாகக் கோர்ட்டு வாசலில் நின்றன. பேரூராட்சித் தலைவர் சங்கிலிபூதத்தான் நல்ல மனுஷன், ஆனால் மரியாதை என்றால் அது முன்னால்தான் இருக்கும் என்று நம்புகிறவர். அவர் இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு, "அண்ணாச்சிக்குக் கொடுத்தா உங்க ரெண்டு பேருக்கும் சம்மதமா?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் ஒரே குரலில் சம்மதம் என்றது. இருபது வருஷ வழக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீர்ந்தது. ஊரே கொண்டாடியது.

தலைவர் உலகம்மாளிடம் வந்தார். "மதினி, இனிமே அண்ணாச்சி எந்த வரிசையிலயும் நடுவுல நிக்கக் கூடாது. எல்லாத்துலயும் முதல் இடம் அவியளுக்கு. ஊர் முடிவு. நீங்க சரின்னு சொல்லணும்."

உலகம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். வெயிலில் கருத்த அவர் முகம் ஞாபகம் வந்தது. ஆயுசெல்லாம் கடைசியில் நின்ற மனுஷன், செத்த பிறகாவது முன்னால் நிற்கட்டுமே என்று தோன்றியது. அவளுக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன். "சரி" என்றாள்.

உத்திரத்தன்று நாதஸ்வரம் முழங்க, வரிசையின் தலைப்பில் ஒரு மணைபோட்டு, மணைமேல் பரிவட்டமும் மாலையும் வைத்தார்கள். ஊரில் உள்ள எல்லாக் கவுண்டருக்கு முன்னாலும் மஞ்சள் பெயிண்டில் கட்டம் போட்டு, முதல் இடம் ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு என்று எழுதினார்கள். உலகம்மாள் அரக்குச் சேலை கட்டிக்கொண்டு போய்த் தலைப்பில், மணைக்குப் பக்கத்தில் நின்றாள். மூச்சை இழுத்தாள். பூ வாசம் வந்தது, பெயிண்டு வாசம் வந்தது. அவர் வாசம் வரவில்லை.

மறுநாள் ரேஷன் கடையில் மஞ்சள் கட்டம் காலியாகக் கிடந்தது. அதற்குப் பின்னால் வரிசை இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. மெஷின் ஒன்றும் துப்பவில்லை. ஆஸ்பத்திரியிலும் அப்படியே, குழாயடியிலும் அப்படியே. கட்டத்துக்குள் இருந்தது வெறும் இடம். செல்லக்கனிக்கு அந்த மாதம் அரிசி போகவில்லை. பின்னால் நிற்கப் போட்டி போட்டவர்கள் முன்னால் நுழைய முட்டிக்கொண்டார்கள். குழாயடியில் ஒரு குடம் நசுங்கியது. எஸ்தர் டீச்சர் அதட்டி அதட்டித் தொண்டை கட்டி, ஒரு நாள் கடைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள்.

உலகம்மாள் அதைவிட மோசமாக ஆனாள். ஒரு தடவை செத்த புருஷனைத் தன் வாயாலேயே சரி என்று சொல்லி இரண்டாந்தடவை அனுப்பிவிட்டோமே என்று ஒவ்வொரு கட்டத்துக்கு முன்னாலும் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு மத்தியானம் செல்லக்கனிக்குக் கஞ்சி கொண்டுபோன இடத்தில் சொல்லி அழுதாள்.

செல்லக்கனி கேட்டாள்: "ஏட்டி, அவிய முன்னால நின்னு நீ என்னைக்காவது பாத்திருக்கியா?"

"இல்ல."

"பின்ன? முதல் ஆளா நின்னா முதுகுக்குப் பின்னால வாறது யாருன்னு அவியளுக்கு எப்படித் தெரியும்? முடியாதவன் எப்பவும் கடைசியிலதான வந்து சேருவான்."

உலகம்மாள் கஞ்சிச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தாள்.

வைகாசி விசாகத்தன்று சண்முகநாதர் கோவிலில் விடியற்காலையே கூட்டம். கிழக்கு வாசலிலிருந்து கிழக்கு ரத வீதி நெடுக வரிசை போயிற்று. உலகம்மாள் அதன் வால் எங்கே என்று தேடிப் போய், கடைசி ஆளாக நின்றாள். ஒருவர் வந்தார். "முன்னால போங்க" என்று வழி விட்டாள். இரண்டு பேர் வந்தார்கள், அவர்களுக்கும் விட்டாள். கைப்பிள்ளைக்காரிக்கு விட்டாள், காவடிக்கு விட்டாள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனுக்கும் விட்டாள். வெயில் ஏறியது. வரிசை நகர நகர அவள் மட்டும் தெரு முனையிலேயே நின்றாள். முப்பத்தெட்டு வருஷம் நிற்காத கால் கடுத்தது. ஒரு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள்.

பதினொரு மணிக்குத் தலைவர் சங்கிலிபூதத்தான் வந்தார். "மதினி, நீங்க கடைசில நிக்கிறதாவது? முன்னால வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க போங்க. நான் கடைசி ஆளு."

"நீங்க இங்க நிக்கும்போது நான் உங்களத் தாண்டி எப்படிப் போக?" என்று தலைவர் அவளுக்குப் பின்னால் போய் நின்றார். உலகம்மாள் அவருக்குப் பின்னால் போனாள். அவர் மறுபடி அவளுக்குப் பின்னால் போனார். "எய்யா, என்னக் கடைசில நிக்க விடுதீரா இல்லையா?" என்று அவள் கத்தினாள். "முன்னால அனுப்பித்தான அவியளத் தொலைச்சோம்!"

முன்னால் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் எஸ்தர் டீச்சர், கோவிலுக்குள் போகாவிட்டாலும் கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்திருந்தவள், வரிசையின் ஓரத்திலிருந்து நடந்து போய், எல்லாருக்கும் பின்னால் நின்றாள். அப்புறம் பீடிக்காரிகள் நாலு பேர் போனார்கள். தையல்காரர் போனார், கோர்ட்டுக்குப் போன இரண்டு குடும்பமும் ஒருவரையொருவர் "நீங்க நில்லுங்க, நாங்க பின்னால போறோம்" என்று சொல்லிக்கொண்டே போயின, நுழைய முட்டிக்கொண்டவர்கள் போனார்கள், குடம் நசுங்கியவள் போனாள், நசுக்கியவளும் போனாள். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் பின்னால் போகப் போக, வரிசையின் வால் தெற்கு ரத வீதிக்குத் திரும்பியது, மேற்கு ரத வீதியை நிறைத்தது, வடக்கு ரத வீதி வழியாகக் கோவிலைச் சுற்றிக்கொண்டு வந்து, கடைசியில் கிழக்கு வாசலையே வந்து தொட்டது. அங்கே தலைப்பில் மிஞ்சியிருந்தவர் அந்த மருந்து கம்பெனிக்காரர்தான். வால் தன் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்தார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டார், ஓர் அடி தள்ளி அதற்குப் பின்னால் போய் நின்றார்.

அப்புறம் வந்தவர்கள் அவருக்குப் பின்னால் உலகம்மாள் வரைக்கும் நிறைந்து நிற்க, வேலப்பநேரியின் வரிசை வட்டமாகிவிட்டது. அதில் முதல் ஆள் இல்லை, கடைசி ஆளும் இல்லை. உலகம்மாளுக்கு முன்னாலும் ஆள் இருந்தது, பின்னாலும் ஆள் இருந்தது. இனி எங்கே போய்க் கடைசியாக நிற்பது என்று அவள் திகைத்து நின்றபோது, திருநீறும் தறி எண்ணெயும் கலந்த அந்த வாசம் வந்தது.

முன்னாலிருந்து வரவில்லை. பின்னாலிருந்தும் வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது.

அவளுக்கு வலப்பக்கம், குடையையும் சேர்த்து இரண்டடி அகலத்துக்கு ஓர் இடம் விழுந்திருந்தது. நாலு ரத வீதியிலும் ஒற்றையாகப் போன வரிசை அந்த ஓரிடத்தில் மட்டும் இரட்டையாக இருந்தது.

"எனக்காக நின்னதெல்லாம் போதும்" என்றாள் உலகம்மாள். "இன்னைக்கு எங்கூட நில்லுங்க."

கோவில் வாசலில் பட்டர் வந்து எட்டிப் பார்த்தார். விசாகத்தன்று சந்நிதியில் ஒரு ஆள் இல்லாதது அவருக்குப் புரியவில்லை. "நடை சாத்தணும், யாராவது ரெண்டு பேர் வாங்களேன்!" என்று கூப்பிட்டார்.

"மதினி போங்க" என்றார் தலைவர். "ரெண்டு பேரும் போங்க" என்றாள் எஸ்தர். ரெண்டு பேரும் போங்க என்று வட்டம் முழுக்கச் சுற்றி வந்தது அந்தச் சொல். நாதஸ்வரக்காரர் யாரும் சொல்லாமலே எடுத்து ஊதினார். உலகம்மாள் கல்யாணத்தில் ஊதியவரின் மகன் அவர். ஜனம் இரண்டு ஆள் அகலத்துக்கு வழி விட, உலகம்மாள் தலை நிமிர்ந்து, வலப்பக்க இடத்தை இடித்துவிடாமல் நடந்து, கொடிமரம் தாண்டி, சந்நிதிக்கு முன்னால் போய் ஜோடியாக நின்றாள். சண்முகநாதரும் நின்றுகொண்டுதான் இருந்தார். ஆயிரம் கேட்கலாம் என்று முப்பத்தெட்டு வருஷம் சேர்த்து வைத்திருந்தவளுக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

பட்டர் தீபாராதனை காட்டினார். உலகம்மாள் கையில் திருநீறு போட்டார். கைப்பழக்கத்தில் பக்கத்திலும் ஒரு சிட்டிகை போட்டார். அந்தத் திருநீறு கீழே விழவில்லை. ஏந்திய கையின் உயரத்தில் வெள்ளையாக நின்றது. உலகம்மாள் தன் கையில் இருந்ததை விட்டுவிட்டு, மோதிர விரலால் அதைத் தொட்டு எடுத்து, தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

அப்போது வெளியே ஒரு சத்தம். காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரோ ஒருத்தி, ஆஸ்பத்திரியில் பெரிய வரிசை, கூட நிற்க ஆள் இல்லை என்று அழுதுகொண்டே தெருவில் ஓடுவது கேட்டது.

நின்றிருந்த திருநீறு மெல்லப் பொலபொலவென்று தரையில் உதிர்ந்தது.

உலகம்மாள் சிரித்தாள். கண்ணீர் வழிய, சந்நிதி எதிரொலிக்கச் சிரித்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, தை மாதத்திலிருந்து தொண்டையில் வைத்திருந்ததை ஊருக்கே கேட்கும்படிச் சொன்னாள்:

"போயிட்டு வாங்க!"

வெளியே ரத வீதியில், ஆஸ்பத்திரி போகும் பக்கமாக, ஜனங்கள் இரண்டடி விலகி வழி விட்டார்கள்.